அடிபட்டவரைத் தூக்கிட்டு வர பயமா?

நைட் டியூட்டியில அடிக்கடி நடக்கும். விபத்தில் அடிபட்டவரை யாரோ ஆட்டோவில் தூக்கிட்டு வருவாங்க. ஸ்ட்ரெச்சரில் படுக்க வெச்சதும், "சார், என் பேரை எழுதிடாதீங்க" என்று கிளம்பிடுவாங்க.

இந்த பயத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கு மக்களே.

1980களில் ஸ்கூட்டரில் போன ஒருவர் மீது கார் மோதியது. வழியில் பார்த்தவர் பக்கத்து மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றார். போலீஸ் கேஸ் பார்க்க அங்கே அனுமதி இல்லை என்று 20 கிலோமீட்டர் தள்ளி அனுப்பினார்கள். போகும் வழியிலேயே இறந்துவிட்டார்.

செய்தித்தாளில் இதைப் படித்த பரமானந்த் கட்டாரா உச்ச நீதிமன்றம் போனார்.

1989 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு. அரசு மருத்துவரோ தனியாரோ, உயிரைக் காப்பதே முதல் கடமை. போலீஸ் நடைமுறைக்காக சிகிச்சை காத்திருக்கக் கூடாது. அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் உரிமை இது.

சரி, தூக்கிட்டு வந்தவருக்கு?

அதற்கு இன்னும் 27 வருஷம் ஆனது. 2016-ல் உச்ச நீதிமன்றம் அவர்களுக்கான பாதுகாப்பு விதிகளைக் கட்டாயமாக்கியது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவாகவே சேர்ந்தது.

அதன்படி,
• பெயர், முகவரி சொல்லியே ஆகணும்னு இல்லை.
• சாட்சி சொல்ல வற்புறுத்த முடியாது.
• மருத்துவமனை உங்களைப் பிடித்து வைக்கவோ பணம் கட்டச் சொல்லவோ கூடாது.

தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் முதல், 'இன்னுயிர் காப்போம்' திட்ட மருத்துவமனைகளில் விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு அடிபட்டவரும் பணம் கட்ட வேண்டியதில்லை.

அதனால பேர் சொல்லாம போனாலும் பரவாயில்லைங்க. தூக்கிட்டு வராம மட்டும் போயிடாதீங்க. மத்ததை நாங்க பார்த்துக்கிறோம்.