பன்னிரண்டு பதினாறான கதை

"பிள்ள விரும்பித்தானே போனிச்சு, கட்டி வச்சிட்டா கேஸ் முடிஞ்சிரும்." இரத்தினபுரி, கேகாலைத் தோட்ட லயங்களில் இந்தப் பேச்சைக் கேட்டுத்தான் நாங்கள் வளர்ந்தோம். அது உண்மையா?

1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை பெண்பிள்ளையின் சம்மத வயதை 12 என்று வைத்தது. 1907ஆம் ஆண்டு விவாகப் பதிவுச் சட்டமும் பெண்ணின் திருமண வயது 12 என்றது. ஐரோப்பியர், பறங்கியர் மகள்களுக்கு மட்டும் 14. துரை பங்களாப் பிள்ளைக்கு ஒரு வயசு, கொழுந்து பறிக்கிறவங்க பிள்ளைக்கு இன்னொரு வயசு!

1995இல்தான் சம்மத வயது 16, திருமண வயது 18 ஆனது (முஸ்லிம் விவாகச் சட்டம் தனி). இன்று 16 வயதாகாத பிள்ளை "சரி" சொன்னாலும் சட்டப்படி அது வன்புணர்வு. தண்டனை 10 முதல் 20 வருடக் கடூழியச் சிறை, கூடவே நட்டஈடு. சம்மதத்தோடு நடந்து, பையனும் 18க்குக் குறைந்தவன் என்றால் தண்டனையைக் குறைக்கச் சட்டமே இடம் தருகிறது. ஆனால் பிறகு தாலி கட்டினாலும் நடந்த குற்றம் அழியாது.

அதனால் தலைவர் வீட்டில் பேசித் தீர்க்கிற விசயமில்லை இது. சிறுவர் உதவிக்கு 1929க்கு ஒரு கோல் எடுங்க. பன்னிரண்டு பதினாறாக 112 வருசம் ஆச்சு. அந்த நாலு வயச லயத்துப் பேச்சுல நாமளே திருப்பிக் குடுத்துற வேணாம்.