பின்லாந்தில் பகை தீர்ந்த விதம்

1918-ஆம் வருஷம் மே மாதம் 5-ஆம் தேதியன்று, உள்நாட்டுப் போர் முற்றிலும் ஓய்வதற்கு முன்னமே, பின்லாந்தின் நிவாலா என்னும் ஊர்த் தேவாலயத்தில் க்யோஸ்தி கல்லியோ என்ற விவசாயி தம் ஊராரிடையே நின்று, இனி இந்நாட்டிலே சிவப்புக் கட்சியார், வெள்ளைக் கட்சியார் என்ற பேதம் ஒழிந்து, தாய்நாட்டை நேசிக்கும் பின்லாந்தியர் மட்டுமே வாழும்படியான ஒரு தேசத்தை உண்டாக்க வேண்டும் என்று பேசினார். சகோதர யுத்தங்கள் முடியும்போதெல்லாம் இத்தகைய வார்த்தைகளை எவரேனும் ஒருவர் சொல்லத்தான் செய்கிறார். ஜெயித்தவர்களின் ஆரவாரத்திலும் தோற்றவர்களின் அழுகையிலும் அவை அமிழ்ந்து போவதும் உலக வழக்கமாகவே இருக்கிறது. ஆயின் கல்லியோ பார்லிமெண்டு அங்கத்தினர். தாம் சொன்னதைச் சட்டமாக்குவதற்கு அடுத்த நான்கு வருஷங்கள் பாடுபட்டவர். பத்தொன்பது வருஷங்களுக்குப் பின் அந்நாட்டின் ஜனாதிபதியும் ஆனவர். பிளவுண்ட தேசம் எவ்விதம் ஒன்று சேர்கிறது என்று அறிய விரும்புவோர் பின்லாந்தின் சரித்திரத்தில் அந்த இருபது வருஷங்களை நிதானமாகப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. ஏனெனில் அங்கே நிலமும் வாக்குரிமையும் பதவியும் முதலில் கைமாறின. மனம் வெகுகாலம் கழித்தே அவற்றைப் பின்தொடர்ந்தது.

1809 முதல் ரஷ்யச் சக்கரவர்த்தியின் ஆதிக்கத்தில் ஒரு தனிச் சமஸ்தானமாக இருந்துவந்த பின்லாந்து, 1906-இல் ஆண் பெண் அனைவருக்கும் வாக்குரிமை அளித்து, ஐரோப்பாவுக்கே முன்மாதிரியாக விளங்கிற்று. 200 ஸ்தானங்கள் கொண்ட அதன் சபையில், 1916-ஆம் வருஷத் தேர்தலிலே சமூக ஜனநாயகக் கட்சி 103 ஸ்தானங்களைக் கைப்பற்றியது. ஆனால் சபையைக் கலைக்கும் அதிகாரம் சக்கரவர்த்தியிடம் இருந்தது. ஊராட்சியும் நகராட்சியும் சொத்துள்ளவர்களின் கையிலேயே இருந்தன. வாக்குரிமை பெற்ற ஏழை தன் ஊர்க் காரியத்திலே வாய் திறக்க வழியில்லாதிருந்தான்.

அந்த ஏழைகளில் பெரும் பகுதியார் குத்தகைக் குடிகள். தோர்ப்பாரி என்று அவர்களுக்குப் பெயர். பெரும் பண்ணைக்குச் சொந்தமான காட்டிலே ஒரு துண்டு நிலத்தைத் திருத்தி, கல்லைப் பொறுக்கி, வீடு கட்டிக் குடியிருந்துகொண்டு, அதற்கு வாடகையாகப் பண்ணையாருடைய வயலில் இத்தனை நாள் உழைப்பதென்று ஒப்புக்கொண்டவர்கள் அவர்கள். வடதேசத்தில் கோடை மிகக் குறுகியது. வைக்கோல் உலர்த்தவும் கதிர் அறுக்கவும் வெயில் காயும் நாட்கள் சிலவே. அந்த நாட்களில்தான் பண்ணையிலிருந்து அழைப்பு வரும். தன் பயிர் மழையில் அழுகுவதை அறிந்தும் அவன் பண்ணையார் வயலுக்குப் போயாக வேண்டும். அதைவிடக் கொடுமை, பாட்டன் காலத்திலிருந்து திருத்திய நிலமானாலும், குத்தகைக் காலம் தீர்ந்தால் வெளியேறச் சொல்லப் பண்ணையாருக்கு உரிமை இருந்ததுதான். லௌக்கோ என்னும் பண்ணையில், 1907-ஆம் வருஷத்துக் கடுங்குளிரிலே, குதிரைப் போலீசாரைக் கொண்டு குத்தகைக் குடும்பங்கள் வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட செய்தி நாடெங்கும் பரவி ஆறாத புண்ணாக நின்றது.

1917-இல் சக்கரவர்த்தியின் ஆட்சி கவிழ்ந்தபோது, ஒழுங்கைக் காக்கும் படையும் அதனுடன் கவிழ்ந்தது. ரஷ்யாவிலிருந்து வந்துகொண்டிருந்த தானியம் நின்றது. வேலையின்மையும் பஞ்சமும் கைகோத்து வந்தன. தொழிலாளர் பக்கத்தார் சிவப்புப் படையும், அவர்களை எதிர்த்தோர் வெள்ளைப் படையும் தத்தமக்கென்று திரட்டிக்கொண்டனர். அக்டோபர் தேர்தலில் சமூக ஜனநாயகக் கட்சி பெரும்பான்மையை இழந்தது. நவம்பரில் பொது வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. டிசம்பர் 6-ஆம் தேதி சுதந்திரம் பிரகடனமாயிற்று. அடுத்த ஜனவரி இறுதியில் சிவப்புப் படையினர் ஹெல்சிங்கியைக் கைப்பற்றினர். மூன்றரை மாதம் நடந்த போரில், தாம்பெரே நகரம் ஏப்ரல் 6-ஆம் தேதி வீழ்ந்தது. வெள்ளைப் படைக்குத் துணையாக ஜெர்மானியப் படையும் வந்து இறங்கிற்று. மே 16-ஆம் தேதி வெள்ளைப் படையின் தளபதி மானர்ஹைம் வெற்றி அணிவகுப்புடன் தலைநகருக்குள் நுழைந்தார்.

சுமார் 31 லட்சம் ஜனங்கள் வாழ்ந்த அந்த நாட்டில் 36,000-க்கு மேற்பட்டோர் அவ்வருஷத்திலே மாண்டனர். போர்க்களத்தில் விழுந்தோர் இவர்களில் சிறுபான்மையினரே. சிவப்புப் படையினர் களத்துக்கு வெளியே சுமார் 1,600 பேரைக் கொன்றனர். வெள்ளைப் படையினர் அதைப்போல் பல மடங்கினரைச் சுட்டுக் கொன்றனர். தோற்றவர்களில் ஏறக்குறைய 80,000 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டு, அந்தக் கோடையில் மட்டும் பட்டினியாலும் நோயாலும் 12,000-க்கு மேற்பட்டோர் மடிந்தனர். தம்மிசாரி முகாம் ஒன்றிலேயே சுமார் 3,000 பேர். விசாரணைக்கென்று ஏற்பட்ட விசேஷ நீதிமன்றங்கள் அறுபதினாயிரத்துக்கு மேற்பட்டோருக்குத் தண்டனை விதித்து, பிரஜா உரிமையையும் பறித்தன. வெற்றி பெற்றவர்கள் செய்த இந்தப் பாதகத்தைப் போரின் வெறி என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. போர் ஓய்ந்த பிறகு, கையில் ஆயுதமில்லாத மனிதர்களுக்கு இழைத்த தீங்கு அது.

இதன் பின் ஜனங்கள் ஒரே கிராமத்திலே இரண்டு சமூகங்களாக வாழ்ந்தனர். தொழிலாளர் கூட்டுறவுக் கடை வேறு, குடியானவர் கூட்டுறவுக் கடை வேறு; விளையாட்டுச் சங்கங்களிலிருந்து தொழிலாளர்கள் விலக்கப்பட்டதால் 1919-இல் அவர்கள் தமக்கென்று தனிச் சங்கம் அமைத்துக்கொண்டனர்; நாடக அரங்கு வேறு, வாசகசாலை வேறு. வெள்ளைப் படையில் இறந்தவர்களுக்கு ஊர்தோறும் தேவாலய வளாகத்திலே கல் நாட்டப்பட்டது. சிவப்புப் படையினரின் மனைவிமார் கணவர் புதைக்கப்பட்ட காட்டோரத்து மணற்குழிகளில் ரகசியமாகப் பூ வைத்தனர். மே 16-ஆம் தேதி வந்தால் ஒரு பாதி ஊர் கொடி ஏற்றும். மறு பாதி கதவைச் சாத்திக்கொள்ளும்.

இந்த நிலைமையில்தான், மனம் ஒப்பாவிட்டாலும், சட்டம் தன் வேலையைச் செய்யத் தொடங்கிற்று. 1918 டிசம்பரிலேயே ஊராட்சித் தேர்தல்கள் எல்லோருக்கும் பொதுவான வாக்குரிமையின் பேரில் நடந்தன. 1919 மார்ச்சில் பொதுத் தேர்தல் நடந்தபோது, பத்து மாதத்துக்கு முன் தோல்வியுற்ற வகுப்பாரின் கட்சியாகிய சமூக ஜனநாயகக் கட்சி, 200-இல் 80 ஸ்தானங்களைப் பெற்றுச் சபையில் வந்து அமர்ந்தது. புரட்சியில் சேராது விலகி நின்ற வைனோ தன்னர் என்பவர் அக்கட்சியை ஆயுத வழியிலிருந்து மீட்டு, பார்லிமெண்டு வழியிலே நடத்திச் சென்றார். அதே வருஷம் ஜூலையில் குடியரசு அரசியல் சட்டம் நிறைவேறியது; பின்னிய மொழியும் சுவீடிய மொழியும் சமமான தேசிய மொழிகளாயின; முதல் ஜனாதிபதியாக, வெற்றித் தளபதி மானர்ஹைமை 50-க்கு எதிராக 143 வாக்குகளால் தோற்கடித்து, சட்ட நிபுணர் ஸ்டோல்பெர்க் தெரிந்தெடுக்கப்பட்டார். கைதிகளின் மன்னிப்பு 1918 அக்டோபரிலேயே தொடங்கிப் படிப்படியாக விரிந்தது. ஸ்டோல்பெர்க் அதனை மேலும் விரித்தார். அவருடைய உள்துறை மந்திரி ரித்தவுவோரி, வலதுசாரிகளின் துவேஷப் பிரசாரத்துக்கு இலக்காகி, 1922 பிப்ரவரியில் தம் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். சமரசத்துக்கு உழைத்தவர்கள் சுகமாக உழைக்கவில்லை.

ஆனால் எல்லாவற்றிலும் ஆழமாகப் பாய்ந்தது நிலச் சட்டமே. போர் முடிந்த ஐந்தாம் மாதத்திலே, 1918 அக்டோபரில், குத்தகைக் குடிகள் தாம் உழும் நிலத்தை விலைக்கு வாங்கித் தமதாக்கிக்கொள்ளும் உரிமையைச் சபை வழங்கிற்று. நிலத்தின் விலை 1914-ஆம் வருஷத்து மதிப்பில் கணிக்கப்பட்டது. பணமோ அதற்குள் பெரிதும் மதிப்பிழந்திருந்தது. சர்க்கார் கடனும் கொடுத்தது. ஆகவே பாட்டனும் தகப்பனும் உழைத்து உழைத்தும் கைக்கு எட்டாதிருந்த பூமி, சில வருஷக் கடனடைப்பிலே பேரனுக்குச் சொந்தமாயிற்று. இதனைச் செய்த சபையோ வெற்றி பெற்ற கட்சியாரே நிறைந்த சபை. எதிர்க்கட்சி ஸ்தானங்கள் ஏறக்குறைய காலியாக இருந்த வேளை அது. பயத்தினால் செய்தனர் என்று சிலர் கூறுவர். பயமும் அதில் இருந்தது என்பது மெய்யே. ஆயினும், பயந்தவர்கள் பெரும்பாலும் சிறைச்சுவரை உயர்த்துகிறார்களேயொழிய நிலத்தை விட்டுக்கொடுப்பதில்லை. 1922-இல் கல்லியோவின் பெயரால் வழங்கும் சட்டம் இன்னும் ஒருபடி மேலே சென்று, நிலமே இல்லாதவர்களுக்கும் பெரும் பண்ணைகளிலிருந்து நிலம் எடுத்துக் கொடுக்க வழி செய்தது. சிவப்புப் படையில் நின்றவனுக்கு அது மறுக்கப்படவில்லை. அடுத்த இருபது வருஷங்களில் ஏறக்குறைய ஒரு லட்சம் குடும்பங்கள் இச்சட்டங்களால் சொந்த மண்ணில் நின்றன.

1926 டிசம்பரில் வைனோ தன்னர் பிரதம மந்திரியானார். அந்த மந்திரி சபையில் மீனா சில்லன்பா என்ற பெண்மணி, ஆலைத் தொழிலாளியாகவும் வீட்டு வேலைக்காரியாகவும் வாழ்வைத் தொடங்கியவர், அந்நாட்டின் முதல் பெண் மந்திரியானார். எஞ்சியிருந்த சிவப்புக் கைதிகளுக்கும் விடுதலை கிடைத்தது. 1927 மே 16-ஆம் தேதி, ஜனாதிபதி நோயுற்றிருந்தமையால், வெற்றி அணிவகுப்பின் மரியாதையை அவருக்குப் பதிலாகத் தன்னரே ஏற்க நேர்ந்தது. தம் கட்சியாரின் உறவினர்கள் எந்தப் படையின் கையில் மாண்டனரோ அந்தப் படையின் வெற்றி நாளிலே அவர் போய் நிற்க வேண்டும். தன்னர் போய் நின்றார். சொந்தக் கட்சியிலே பலர் அவரைத் துரோகி என்றே ஏசினர். வலதுசாரிகளிலும் பலருக்கு அது சகிக்கவில்லை. எனக்கோ, அந்நாட்டின் சமரச வரலாற்றில் இதைவிடத் தைரியமான காரியம் வேறு தோன்றவில்லை. பதவியில் அமர்ந்தவன் தேசம் முழுவதற்கும் உரியவன் என்பதை அவர் தம் உடம்பைக் கொண்டு நிரூபித்தார்.

பாதை நேராகச் செல்லவில்லை. 1929-இல் லாபுவா என்னும் ஊரிலே தோன்றிய கம்யூனிஸ்ட் எதிர்ப்பு இயக்கம், சில மாதங்களில் ஆட்களைக் கடத்தி அடித்து ரஷ்ய எல்லையில் தள்ளும் அக்கிரமமாக வளர்ந்தது. 1930-இல் முன்னாள் ஜனாதிபதி ஸ்டோல்பெர்க்கையும் அவர் மனைவியையுமே கடத்திச் சென்றது. கம்யூனிஸ்டுகளின் அரசியல் உரிமை அவ்வருஷச் சட்டங்களால் பறிக்கப்பட்டு 1944 வரை திரும்பவில்லை. இது அந்தக் குடியரசின் மீது நின்ற மாசு. 1932-இல் அவ்வியக்கத்தார் மான்ட்சாலாவில் ஆயுதத்துடன் கூடியபோது, ஜனாதிபதி ஸ்வின்ஹுவுத், தாமே வெள்ளைக் கட்சியின் பழைய தலைவர், வானொலியிலே பேசி, வீடு திரும்புங்கள் என்று கட்டளையிட்டார். அவர்கள் திரும்பினர், இயக்கம் தடை செய்யப்பட்டது. ஆனால் அதே ஸ்வின்ஹுவுத் சமூக ஜனநாயகர்களை மந்திரி சபையில் சேர்க்க இணங்கவில்லை. 1937-இல் கல்லியோ ஜனாதிபதியான பின்னரே, விவசாயிகளின் கட்சியும் தொழிலாளரின் கட்சியும் கூடி ஆட்சி அமைத்தன.

1939 நவம்பர் 30-ஆம் தேதி சோவியத் படை எல்லையைத் தாண்டியதும் பின்லாந்தியர் ஒரே இரவில் ஒன்றானார்கள் என்றும், அந்நிய ஆபத்தே பகையைத் தீர்த்தது என்றும் சொல்வதுண்டு. இது பாதி உண்மை. படையெடுப்பின் மறுநாள், 1918-இல் தோற்று மாஸ்கோவுக்கு ஓடிய குஸினென் என்பவரின் தலைமையில், எல்லையூரான தெரியோகியிலே ஒரு மக்கள் சர்க்கார் அறிவிக்கப்பட்டது. உழவனுக்கு நிலமும் தொழிலாளிக்கு எட்டு மணி நேர வேலையும் அது வாக்களித்தது. எட்டு மணி நேரச் சட்டம் பின்லாந்தில் 1917 முதலே இருந்தது. நிலமோ குத்தகைக் குடிகளின் பத்திரத்தில் ஏறிவிட்டது. சிவப்புக் கட்சியாரின் பிள்ளைகள் தாமே உழுத நிலத்துக்கும், தாமே வாக்களித்து அமைத்த ஆட்சிக்கும் 105 நாட்கள் போரிட்டனர். ஆபத்து அந்த ஐக்கியத்தை வெளிக்காட்டியது; அதனை ஆக்கியவை அதற்கு முந்திய இருபது வருஷத்துச் சட்டங்கள்.

போரின் நடுவே, 1940 ஜனவரியில், முதலாளிகளின் சங்கம் தொழிற்சங்கங்களை முதன்முறையாகப் பேச்சுவார்த்தைக்கு உரிய தரப்பாக ஒப்புக்கொண்டது. அந்த வசந்தத்திலே மானர்ஹைம் மே 16-ஆம் தேதி அணிவகுப்பை நிறுத்தி, மே மாதத்து மூன்றாம் ஞாயிற்றுக்கிழமையை, 1918-இல் இரு பக்கத்திலும் மாண்டவர்களையும் சேர்த்து நினைக்கும் நாளாக மாற்றினார். அணிவகுப்பைத் தொடங்கியவர் கையாலேயே அது முடிந்தது. சோவியத்திடம் கரேலியாப் பகுதியை இழந்து வந்த நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட அகதிகளுக்கு 1945-ஆம் வருஷச் சட்டம் நாடெங்கும் நிலம் பகிர்ந்து கொடுத்தபோது, அந்த வேலை எவ்வாறு செய்யப்படும் என்பதை அத்தேசம் முன்னமே கற்றிருந்தது.

துக்கத்தின் கணக்கு மட்டும் நெடுங்காலம் தீராமல் இருந்தது. தாம்பெரே நகரத்து ஆலைத் தொழிலாளியாக இருந்த வைனோ லின்னா, ஒரு குத்தகைக் குடும்பத்தின் கதையாக 1959 முதல் 1962 வரை மூன்று பாகங்களில் எழுதிய நாவல், தோற்றவர்களின் பக்கத்திலிருந்து 1918-ஐக் கண்ட பெரும் நூலாக வெளிவந்து, பேராசிரியர்கள் முதல் படைவீரர் சங்கங்கள் வரை யாவரையும் வாதத்தில் இழுத்தது. லின்னா சொன்னதே மெய்யென்று சரித்திர ஆசிரியர்கள் பின்னர் பெரும்பாலும் ஒப்புக்கொண்டனர். அதற்கும் பிறகு, 1998-இல், பிரதம மந்திரி அலுவலகத்தின் பொறுப்பிலே, அந்த வருஷத்தில் மாண்டவர்கள் அனைவருடைய பெயர்களையும், எந்தப் பக்கத்தவர், எவ்விடத்தில், எவ்விதம் இறந்தார் என்ற விவரத்துடன் திரட்டும் பணி தொடங்கப்பட்டது. போர் நடந்து எண்பது வருஷங்கள் ஆகியிருந்தன. மணற்குழிகளில் தகப்பனைத் தேடிய பிள்ளைகளில் பலர் அப்போது உயிரோடு இல்லை.