சமூக நலவாழ்வு ஆய்வில் பங்கேற்க அழைக்கப்பட்டால்

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பகுதி மக்களை உணவு, உடற்பயிற்சி சார்ந்த ஆய்வுகளில் சேருமாறு அழைக்கக்கூடும். முடிவெடுக்கும் முன் பின்வருவனவற்றை அறிந்துகொள்ளுங்கள்.

உங்கள் பங்கேற்பு ஏன் தேவை?
சென்னையில் நடைபெற்ற 'டி-கிளிப்' ஆய்வில், நீரிழிவுக்கு முந்தைய நிலையிலிருந்த 578 பேர் பங்கேற்றனர். வாழ்க்கைமுறைப் பயிற்சியும், தேவைப்பட்டபோது மெட்ஃபார்மின் மாத்திரையும் பெற்றவர்களுக்கு நீரிழிவு ஏற்படும் வாய்ப்பு, வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களைவிட 32 விழுக்காடு குறைந்தது. முடிவுகள் 2016இல் வெளியாயின. துறைமுகத் தொழிலாளர்களும் மீனவர்களும் இத்தகைய ஆய்வுகளில் சேராவிடில், அவர்களது பணிநேரத்திற்கு ஏற்ற வழிமுறை எதுவெனத் தெரியாமற்போகும்.

நேரம் பொருந்தாவிடில்?
வெறும் வயிற்று இரத்தப் பரிசோதனைக்குமுன் குறைந்தது 8 மணி நேரம் உண்ணாதிருத்தல் வேண்டும். இரவுப்பணி செய்வோரும் கடலுக்குச் செல்வோரும் மாற்று நேரம் கேட்கலாம். நீரிழிவு மருந்து எடுத்துக்கொள்வோர் அதனை முன்னரே தெரிவிக்க வேண்டும்.

உங்கள் உரிமைகள்
• தகவல் படிவத்தைத் தமிழில் பெற்று, குடும்பத்தினருடன் கலந்துபேசிய பின்னரே கையொப்பமிடலாம்.
• நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் உள்ளதா எனக் கேட்கலாம்.
• நீங்கள் எந்தக் குழுவில் இடம்பெறுவீர்கள் என்பது குலுக்கல் முறையில் முடிவாகுமா எனக் கேட்டறியலாம்.
• எப்போது வேண்டுமானாலும் விலகலாம். உங்கள் வழக்கமான சிகிச்சை அதனால் தடைபடக் கூடாது.