ஒரு மரை வித்தியாசம்

ஹார்ட்வேர் கடையில் அதற்குப் பெயர் 'ஒன் எய்ட்'. அதாவது 1/8 இன்ச். ஆனால் அந்தப் பித்தளைத் துண்டின் எந்தப் பக்கம் ஸ்கேலை வைத்து அளந்தாலும் 1/8 இன்ச், மூன்று மில்லிமீட்டர் சொச்சம், கிடைக்கவே கிடைக்காது. மரையின் வெளிவிட்டம் கிட்டத்தட்ட பத்து மில்லிமீட்டர். ஒரு காலத்தில் இரும்புக் குழாயின் உள்துளையைச் சொல்ல வந்த பெயர் இது. இன்று அந்தக் குழாயின் துளைகூட அந்த அளவில் இல்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

எஞ்சின் கூலண்ட் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று மீட்டர் முள்ளுக்குச் சொல்லும் சென்சாரின் கழுத்தில், பல பழைய ஜப்பானிய எஞ்சின்களில், இருப்பது இந்த மரைதான். சாதாரண போல்ட் மரை மேலிருந்து கீழ்வரை ஒரே பருமன். இது அப்படியில்லை. பதினாறுக்கு ஒன்று என்ற கணக்கில் லேசாகக் கூம்பிக்கொண்டே போகும். முறுக்க முறுக்க ஆப்பு அடித்த மாதிரி இறுகி, வாஷர் இல்லாமலே தண்ணீரை நிறுத்தும். நல்ல ஏற்பாடு. சிக்கல் என்னவென்றால், உலகத்தில் 'ஒன் எய்ட்' ஒன்றல்ல, இரண்டு.

ஒன்று பிரிட்டிஷ் குழாய் மரை: ஓர் இன்ச்சுக்கு 28 சுற்று, பல்லின் கோணம் 55 டிகிரி, விட்டம் 9.73 மில்லிமீட்டர். இன்னொன்று அமெரிக்க மரை: ஓர் இன்ச்சுக்கு 27 சுற்று, 60 டிகிரி, 10.29 மில்லிமீட்டர். போதாததற்கு நடுவில் ஐரோப்பாவின் மெட்ரிக் மரை ஒன்றும் இருக்கிறது, சரியாக 10 மில்லிமீட்டர், சுற்றுக்கு 1 மில்லிமீட்டர். மூன்றையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

ஆன்லைனில் வாங்கும் கூடுதல் டெம்பரேச்சர் மீட்டரோடு வரும் சென்சார் பெரும்பாலும் அமெரிக்க மரை. ஜப்பானிய எஞ்சினில் உள்ள துளை பிரிட்டிஷ் மரை. அதை இதில் போட்டால் இரண்டு சுற்று அழகாகப் போகும். அப்புறம் இறுகும். ஸ்பேனர் போட்டால் இன்னும் கொஞ்சம் போகும். இறுகிவிட்டது என்று கை சொல்லும். ஆனால் அது உட்கார்ந்து இறுகவில்லை, பல்லோடு பல் மோதி இறுகியிருக்கிறது. துளை அலுமினியத்தில் இருந்தால் அதன் பல் தேய்ந்து போகும். வண்டி சூடாகி உள்ளே அழுத்தம் ஏறும்போது அந்த இடைவெளியில் கூலண்ட் கசியும். இதில் கொடுமையான விஷயம் ஒன்று உண்டு. கூலண்ட் வடிந்து சென்சாரின் முனை வெறுங்காற்றில் நின்றுவிட்டால் மீட்டர் முள் ஏறாது, இறங்கவும் செய்யலாம். எஞ்சின் வெந்துகொண்டிருக்கும், மீட்டர் எல்லாம் நலம் என்று காட்டும்.

27க்கும் 28க்கும் உள்ள இந்த ஒரு மரை வித்தியாசம் எப்படி வந்தது? பல்கலைக்கழகத்தில் போல்ட்டின் மேல் விழும் இழுவிசையைக் கணக்குப் போட எங்களுக்கு வாரக்கணக்கில் சொல்லிக் கொடுத்தார்கள். ஏன் ஒன்று 55, மற்றது 60 என்று யாரும் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. பொறியியல் பாடத்தில் எண்கள் வானத்திலிருந்து விழுந்த மாதிரிதான் வரும். அவற்றுக்கும் ஊரும் பேரும் சண்டையும் இருந்திருக்கும் என்று தோன்றவே தோன்றாது.

அம்மாவின் தோட்டில் திருகாணி தொலைந்து போனால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இன்னொரு தோட்டின் திருகாணி அதற்குச் சேராது. பழைய கையால் செய்த தோடு என்றால், வலது காதுத் திருகாணி இடது காதுக்கே ஏறாமல் போகலாம். தோட்டை எடுத்துக்கொண்டு ஆசாரியிடம் போக வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிவரை இயந்திரங்களின் போல்ட்டும் நட்டும் இப்படித்தான் இருந்தன. ஒவ்வொரு போல்ட்டுக்கும் அதற்கென்றே செய்த நட்டு. கழற்றும்போது அடையாளம் போட்டு வைக்காவிட்டால் தொலைந்தோம். 1800ஐ ஒட்டி லண்டனில் ஹென்றி மாட்ஸ்லி துல்லியமாக மரை வெட்டும் கடைசல் இயந்திரத்தைச் செய்தார். தன் பட்டறைக்குள் மரைகளை ஒரே மாதிரி ஆக்கினார். ஆனால் அவர் பட்டறை வாசலைத் தாண்டினால் வேறு மரை.

மாட்ஸ்லியிடம் வேலை பார்த்தவர் ஜோசப் விட்வர்த். பிறகு மான்செஸ்டரில் சொந்தமாகப் பட்டறை வைத்தார். 1841இல் லண்டன் சிவில் பொறியாளர் கழகத்தில் ஒரு கட்டுரை வாசித்தார். ஒரே சீரான திருகு மரை வேண்டும் என்பதுதான் விஷயம். எனக்குப் பிடித்தது அவர் அதற்குப் போன வழி. எது சிறந்த மரை என்று அவர் சூத்திரம் போட்டுக் கண்டுபிடிக்கவில்லை. இங்கிலாந்தின் பல பட்டறைகளில் இருந்து போல்ட்டுகளைச் சேகரித்தார், அளந்தார், சராசரி எடுத்தார். 55 டிகிரி அப்படி வந்ததுதான். அதில் கணித அழகு எதுவும் கிடையாது. யாருடைய பட்டறைக்கும் முழு வெற்றியோ முழுத் தோல்வியோ இல்லாத ஓர் எண், அதனால்தான் யாரும் பெரிதாக மல்லுக்கு நிற்கவில்லை. கால் இன்ச் போல்ட்டுக்கு 20 சுற்று, அரை இன்ச்சுக்கு 12, ஒரு இன்ச்சுக்கு 8 என்று பட்டியல் போட்டுக் கொடுத்தார். ரயில் கம்பெனிகள் எடுத்துக்கொண்டன. 1850களில் கிரிமியப் போருக்குப் பீரங்கிப் படகுகள் அவசரமாகத் தேவைப்பட்டபோது, ஜான் பென் என்பவரால் எஞ்சின் பாகங்களைப் பல பட்டறைகளுக்குப் பிரித்துக் கொடுத்துச் செய்து வாங்கி ஒன்றுசேர்க்க முடிந்தது. வெவ்வேறு கைகள் செய்த மரை ஒன்றோடொன்று சேர்ந்தது அன்றைக்குப் பெரிய ஆச்சரியம்.

அமெரிக்கர்களுக்கு இது ஒத்து வரவில்லை. விட்வர்த் மரையின் உச்சியும் அடியும் வளைவாக இருக்கும். அந்த வளைவைச் சரியாக வெட்ட நல்ல கருவியும் தேர்ந்த கையும் வேண்டும். 1864 ஏப்ரலில், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த நேரத்தில், ஃபிலடெல்ஃபியாவில் வில்லியம் செல்லர்ஸ் வேறொரு மரையை முன்வைத்தார். 60 டிகிரி, சமபக்க முக்கோணம், உச்சியும் அடியும் தட்டை. சாதாரணத் தொழிலாளி சாதாரணக் கருவியை வைத்து வெட்டிவிடலாம், சரிபார்ப்பதும் சுலபம் என்பதே அவர் வாதம். வேடிக்கை என்னவென்றால் பல அளவுகளில் அவரும் விட்வர்த்தும் ஒத்துப்போகிறார்கள். கால் இன்ச்சுக்கு இங்கேயும் 20. அரை இன்ச்சில் 12க்குப் பதில் 13. ஆங்கிலேயரின் மரை கைத்திறமையை நம்பியது, அமெரிக்கரின் மரை கைத்திறமை இல்லாமலே வேலை நடக்க வேண்டும் என்று நினைத்தது. செல்லர்ஸின் மரையை ஜனநாயகம் என்றும் சொல்லலாம், திறமையான தொழிலாளியின் பேரம் பேசும் சக்தியைப் பிடுங்கும் ஏற்பாடு என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மை என்றே நினைக்கிறேன்.

அதே ஊரில், ஏறக்குறைய அதே காலத்தில், ராபர்ட் பிரிக்ஸ் என்பவர் குழாய்களுக்கு 60 டிகிரியில் கூம்பு மரை வகுத்தார். 1886இல் அமெரிக்க உற்பத்தியாளர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். நம் 27 சுற்று அங்கிருந்து வருகிறது. பிரிட்டனின் குழாய் மரையோ விட்வர்த்தின் 55 டிகிரியிலேயே நின்றது.

மரை சேராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவிலேயே பெரிய சாட்சி உண்டு. 1904 பிப்ரவரியில் பால்டிமோர் நகரம் எரிந்தபோது வாஷிங்டனில் இருந்தும் மற்ற ஊர்களில் இருந்தும் தீயணைப்பு வண்டிகள் வந்து சேர்ந்தன. பல வண்டிகளின் ஹோஸ் இணைப்பு பால்டிமோரின் தண்ணீர்க் குழாய்களில் ஏறவில்லை. ஆள் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, மரை சேரவில்லை. 1,500 கட்டடங்களுக்கு மேல் போயின.

இரண்டாம் உலகப் போரில் இந்தப் பிரச்சினை கடல் கடந்தது. ரோல்ஸ் ராய்ஸின் மெர்லின் விமான எஞ்சினை டெட்ராய்ட்டில் பேக்கார்ட் கம்பெனி செய்து கொடுத்தது. அதில் இருந்த பிரிட்டிஷ் மரைகளை வெட்டும் கருவிகள் அமெரிக்காவில் கடையில் கிடைக்காததால், பேக்கார்ட் அவற்றையும் தானே செய்துகொண்டது. போர் முடிந்ததும் 1948 நவம்பரில் வாஷிங்டனில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் ஒரே போல்ட் மரைக்குக் கையெழுத்துப் போட்டன. கோணம் 60 டிகிரி. பிரிட்டன் விட்டுக்கொடுத்தது. உலகத் தரநிலை அமைப்பு 1947இல் தொடங்கியபோது அதன் முதல் எண் கொண்ட தொழில்நுட்பக் குழுவே திருகு மரைக்குத்தான்.

ஆனால் இந்தச் சமாதானம் குழாய் மரையைத் தொடவில்லை. காரணம் யோசித்தால் புரியும். போல்ட்டை மாற்ற வேண்டுமென்றால் அடுத்த மாடலில் மாற்றிவிடலாம். குழாய் சுவருக்குள் இருக்கிறது, தரைக்கடியில் இருக்கிறது. புதுக் குழாய் பழைய குழாயோடு சேர வேண்டும், அது அதற்கு முந்திய குழாயோடு. மெட்ரிக் முறையைப் பெற்றெடுத்த பிரான்சிலேயே தண்ணீர்க் குழாய் மரை இன்றும் விட்வர்த்தின் வழிவந்ததுதான். அதை 'வாயு மரை' என்கிறார்கள், எரிவாயு விளக்குகளுக்குக் குழாய் போட்ட காலத்தின் மிச்சம்.

மலாயாவுக்கு இது ஆங்கிலேயரோடு வந்தது. ரயில், தோட்டத்து ரப்பர் ஃபேக்டரி, நகரத்துத் தண்ணீர்க் குழாய் எல்லாம் பிரிட்டிஷ் அளவு. செந்தூல் ரயில் பட்டறையில் நம் ஆட்கள் ஏராளமாக வேலை செய்தார்கள். அவர்கள் கைக்கு முதலில் பழகிய மரை 55 டிகிரியாகத்தான் இருந்திருக்க வேண்டும். அந்தக் கால ஸ்பேனர் எங்காவது பழைய டூல் பாக்ஸில் கிடைத்தால் பாருங்கள். அதில் எழுதியிருப்பது நட்டுத் தலையின் அகலம் அல்ல, போல்ட்டின் பருமன். 'அரை இன்ச்' விட்வர்த் ஸ்பேனர் அமெரிக்க அரை இன்ச் தலையில் லொடலொடவென்று ஆடும். மலேசியாவில் வீட்டுக் குழாய்கள் இன்றும் பிரிட்டிஷ் மரையில்தான் போகின்றன.

அடுத்த முறை அது வேறு வாசல் வழியாக வந்தது. 1981இல் மகாதீர் அரசு பிரிட்டிஷ் பொருளைக் கடைசியாக வாங்குவோம் என்றது. 1982இல் கிழக்கை நோக்கும் கொள்கை. 1985 ஜூலையில் மிட்சுபிஷியின் எஞ்சினோடு புரோட்டோன் சாகா. ஜப்பான் போல்ட்டுகளை மெட்ரிக்குக்கு மாற்றிவிட்டாலும் குழாய் மரைக்கு பிரிட்டிஷ் வடிவத்தையே தன் தரநிலையாக வைத்துக்கொண்டது. மெய்ஜி காலத்தில் அவர்களுக்கும் ரயில் போட்டுக் கொடுத்தது பிரிட்டிஷ் பொறியாளர்கள்தான், 1872இல் தோக்கியோவின் ஷிம்பாஷியில் இருந்து யோகோஹாமாவுக்கு. வேர் அங்கேதான் இருக்கும் என்பது என் ஊகம். எப்படியோ, வெள்ளைக்காரனை விட்டுவிட்டுக் கிழக்கே பார்த்து வாங்கிய காரின் பானெட்டைத் திறந்தால், எண்ணெய் அழுத்த ஸ்விட்ச் உட்காரும் துளையில் மான்செஸ்டர்காரரின் 55 டிகிரி இருக்கிறது.

ரவாங்கில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவர் இதை 'ஜெப்புன் மரை' என்பார். சாகா, கன்சில், பழைய கொரோலா எல்லாவற்றுக்கும் அதே பெயர். அமெரிக்க சென்சாரைப் போட 28 வெளியே, 27 உள்ளே வெட்டிய பித்தளை அடாப்டர் ஒரு டப்பா நிறைய வைத்திருக்கிறார். அளப்பதற்கு வெர்னியர் காலிப்பர் எல்லாம் எடுக்க மாட்டார். மரை சீப்பு ஒன்று, அவ்வளவுதான். பல்லை மரைமேல் வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பார். இடையில் வெளிச்சம் தெரிந்தால் அது வேறு மரை.

"கையாலயே நாலு சுத்து போவணும் தம்பி. ரெண்டுல நின்னுச்சுன்னா ஸ்பேனரைத் தொடாதீங்க, கழட்டிடுங்க. வெள்ளை டேப்பை அள்ளிச் சுத்தாதீங்க, ஒத்தை வயர் சென்சாருக்கு எர்த் அந்த மரை வழியாத்தான் போவுது. டேப்பு ஜாஸ்தியானா முள்ளு தப்பாக் காட்டும்."

போன மாதம் அவரிடம் வந்த ஒரு வண்டியில் அலுமினியத் துளையின் பல் முழுக்கப் போயிருந்தது. அடுத்த பெரிய அளவுக்குத் துளைத்து, கால் இன்ச் குழாய் மரை வெட்டி, உள்ளே ஒரு பித்தளைப் புஷ் இறக்கிக் கொடுத்தார். அந்தக் கால் இன்ச்சும் அளந்தால் பதின்மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இருந்தது.