உடம்போட ஃபால்ஸ் பாசிட்டிவ்: புற்றுநோயை அடிக்கப்போய் நரம்பை அடிச்ச கதை

ஆன்டிவைரஸ் சில நேரம் வைரஸைப் பிடிக்கிறேன்னு சிஸ்டத்தோட சொந்த ஃபைலையே தூக்கிடும். கம்ப்யூட்டர் படுத்துடும். இதே கூத்து உடம்புக்குள்ளயும் நடக்கும். அது பிடிபட டாக்டர்களுக்குப் பல பத்து வருஷம் ஆச்சு.

1948. பாஸ்டனில் டெரெக் டென்னி-பிரௌன் என்ற நரம்பியல் மருத்துவர் ரெண்டு நோயாளிகளைப் பற்றி எழுதினார். ரெண்டு பேருக்கும் நுரையீரல் புற்றுநோய். கூடவே கை கால்ல உணர்ச்சி போயிருந்தது. தண்டுவடத்தை ஒட்டியிருக்கும் உணர்வு நரம்பு முடிச்சுகளில் செல்கள் அழிந்திருந்தன. ஆனா புற்றுநோய் அங்கே பரவவே இல்லை. அப்போ அழிச்சது யாரு?

நம்ம வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினது இதுக்கு அடுத்த வருஷம், 1949-ல். அதாவது, இங்கே அப்போதான் ஆரம்பம்.

1960-களில் ஆன்டிபாடி மேல சந்தேகம் வந்தது. 1985-ல் நியூயார்க்கில் கிராவுஸ், போஸ்னர் குழு அதைக் கையும் களவுமா பிடிச்சாங்க. நோயாளி பெயரின் எழுத்துகளை வச்சு அதுக்கு 'ஹு'ன்னு பேர். நரம்பு செல்லில் இருக்கவேண்டிய புரதத்தைப் புற்றுநோய் செல்லும் தயாரிக்குது. நோய் எதிர்ப்பு மண்டலம் அதை எதிரின்னு குறிச்சுக்கிட்டு, அதே புரதம் உள்ள நரம்பையும் தாக்குது. பலருக்குக் கட்டி தெரியறதுக்கு முன்னாடியே நரம்புக் கோளாறு வந்துடும். செத்த நரம்பு செல் திரும்பாது.

2007-ல் ஜோசப் டால்மாவ் குழு 12 பெண்களைப் பற்றி எழுதியது. மனக்குழப்பம், வலிப்பு, நினைவு தப்புதல். 11 பேருக்கு சினைப்பையில் டெரட்டோமா கட்டி. இந்த வகைக் கட்டிக்குள் நரம்புத் திசுவே வளரும். இங்கே ஆன்டிபாடி செல்லைக் கொல்லாம, மூளையின் என்.எம்.டி.ஏ. ரிசெப்டார்களை மட்டும் குறைக்குது. அதனால கட்டியை எடுத்து, சீக்கிரம் சிகிச்சை கொடுத்தா பலர் மீண்டு வர்றாங்க. கட்டியே இல்லாமலும் இது வரலாம்.

எங்க அம்மாபேட்டை பக்கம், ஒரு பொண்ணு திடீர்னு சம்பந்தமில்லாம பேசினா 'காத்து கருப்பு'ன்னு மந்திரிச்சுக் கயிறு கட்டறவங்க இன்னைக்கும் உண்டு. எல்லா மனக்குழப்பமும் இந்த நோய் இல்லை. ஆனா சில நாள்லயே ஆள் மாறி, வலிப்பும் சேர்ந்தா, நரம்பியல் டாக்டர்கிட்ட உடனே போங்க. கயிறு கட்டிக் காத்திருக்கற ஒவ்வொரு வாரமும் அந்தப் பொண்ணோட கணக்குலதான் கழியும்.