ஓவியரின் பொய்வாய்: பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க எடைமிகு இலக்குத் துப்பாக்கி

துப்பாக்கியின் வரலாறு பெரும்பாலும் படைகளின் வரலாறாகவே எழுதப்படுகிறது. எந்த அரசு எந்த ஆண்டில் எந்தப் படைக்கலத்தை ஏற்றது என்பதே அதன் காலவரிசை. நெடுந்தொலைவுத் துல்லியத்தை மட்டும் தனியே எடுத்து நோக்கினால் இவ்வரிசை பொருந்துவதில்லை. அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் 1840களில் செய்யப்பட்ட எடைமிகு இலக்குத் துப்பாக்கிகள் தனியார் பட்டறைகளில், ஒருவருக்கு ஒன்றாக, கைவினையால் உருவானவை. அவற்றின் ஒரு சிற்றுறுப்பை முன்வைத்து அத்துல்லியம் எங்கிருந்து வந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

அக்காலத் துப்பாக்கியில் மருந்தும் குண்டும் குழலின் வாய்வழியே நிரப்பப்பட்டன. குழலின் உட்சுவரில் வெட்டிய சுருள்பள்ளங்களைப் பற்றிச் சுழல்வதற்குக் குண்டு இறுக்கமாகப் பொருந்த வேண்டும். இறுக்கமான ஈயக்குண்டை வாயில் வைத்து அழுத்தினாலோ அது சாய்கிறது, சிதைகிறது. சிதைவு அடிப்பகுதியில் நேர்ந்தால் கேடு பெரிது. குண்டு வாயைக் கடக்கும் நொடியில் பின்னிருக்கும் வெடிவளி ஒரு பக்கமாக முந்தி வெளியேறிக் குண்டைத் திசைதிருப்பிவிடும். குண்டைத் திணிக்கும் கோல் நாளடைவில் வாயின் விளிம்பையே தேய்த்துவிடுவது மற்றொரு குறை.

இதற்குத் தீர்வு கண்டவர் மாசசூசெட்சைச் சேர்ந்த ஆல்வன் கிளார்க். தொழிலால் அவர் உருவப்பட ஓவியர். 1840இல் அவர் பெற்ற காப்புரிமை, 'பொய்வாய்' எனத் தமிழில் வழங்கத்தக்க ஓர் உறுப்புக்கானது. குழலின் முனையிலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டி, முளைகளால் மீண்டும் அதே இடத்தில் பொருத்த வேண்டும். அதன்பின் துண்டையும் குழலையும் ஒன்றெனக் கொண்டே துளையிட்டுச் சுருள்பள்ளம் வெட்ட வேண்டும். இவ்வரிசையில்தான் நுட்பம் இருக்கிறது. தனித்தனியே பள்ளம் வெட்டிப் பின்னர் இணைத்தால் இரண்டும் ஒன்றாகா. குண்டு பொய்வாயின் வழியே நேராக உள்ளே வழுக்கிச் செல்லும். தேய்மானமும் அதனோடு நின்றுவிடும். சுடுமுன் அதைக் கழற்றிவிட வேண்டும். மறந்து சுட்டால் அது பறந்துபோகும். வேறொரு குழலின் பொய்வாய் இதற்குப் பொருந்தாது. ஆகவே, பொய்வாய் இருக்கும்வரை குறியை மறைக்கும் ஒரு தகட்டைப் பலர் அதன்மேல் பொருத்தினர்.

கிளார்க் பின்னர்த் தொலைநோக்கி ஆடி தேய்ப்பதில் உலகப் புகழ் பெற்றார். அவர்தம் பட்டறையின் ஆடியொன்றைச் சோதிக்கையில்தான் 1862இல் அவர் மகன் சிரியசு விண்மீனின் துணையைக் கண்டார். இத்தொடர்பைத் தற்செயல் என ஒதுக்கலாகாது என்பது என் கருத்து. இரண்டு தொழிலிலும் வேலை ஒன்றே: தேய்த்தல், அளத்தல், மீண்டும் தேய்த்தல்.

அவரிடம் உரிமை பெற்று எட்வின் வெசன் செய்த துப்பாக்கிகள் பெயர்பெற்றன. பொறியாளர் ஜான் ராட்கிளிஃப் சாப்மன் 1848இல் வெளியிட்ட நூலில் இவ்வகைத் துப்பாக்கியின் அமைப்பையும், குழல்நீளத் தொலைநோக்கிக் குறியையும் விரிவாக விளக்குகிறார். தடித்த குழல் அதிர்வையும் பின்னுதைப்பையும் குறைத்ததால் எடை கூடிக்கொண்டே போயிற்று. மேசைமேல் தாங்கி வைத்தே சுட்டனர். மதிப்பெண் முறையும் இவ்வுலகுக்கே உரியது. ஒவ்வொரு குண்டும் நடுப்புள்ளியிலிருந்து விலகிய தொலைவை நூலால் அளந்து கூட்டுவர்; நூல் குறுகியவரே வென்றவர்.

படையில் இவற்றின் வாழ்வு குறுகியது. உள்நாட்டுப் போரின் தொடக்கமான 1861இல் ஹைரம் பெர்டன் திரட்டிய குறிசுடுநர் பிரிவில் சேர, 200 கெச தொலைவில் பத்துக் குண்டுகளைச் சராசரியாக நடுவிலிருந்து 5 அங்குலத்துக்குள் செலுத்த வேண்டும். சிலர் தம் சொந்தத் துப்பாக்கிகளையே கொணர்ந்தனர். அவற்றுள் 30 பவுண்டு எடையுள்ளவையும் இருந்தன. அவ்வெடையைச் சுமந்து நெடுவழி நடப்பதும், ஒவ்வொரு சுடுகைக்கும் பொய்வாயைப் பொருத்திக் கழற்றுவதும் போர்க்களத்துக்கு ஒவ்வாதவை. 1862இல் அப்பிரிவுக்குப் பின்வழி நிரப்பும் ஷார்ப்ஸ் துப்பாக்கிகள் வழங்கப்பட்டன.

1874இல் நியூயார்க்கை அடுத்த கிரீட்மூர் திடலில் 800, 900, 1000 கெச தொலைவுகளில் அயர்லாந்து, அமெரிக்க அணிகள் மோதின. அங்கே துப்பாக்கியின் எடை 10 பவுண்டுக்கு மேற்படலாகாது என்பது விதி. பின்வழி நிரப்பும் துப்பாக்கிகளால் சுட்ட அமெரிக்கர், வாய்வழி நிரப்பிய அயர்லாந்தினரை 934க்கு 931 என வென்றனர். பழைய முறை அன்றே முடிந்தது எனக் கொள்வது அவசரமாகும். 1890களில் ஹார்ட்ஃபோர்டில் ஹாரி போப் செய்த குழல்களில் மருந்து நிரப்பிய தோட்டா உறை பின்வழியே செருகப்பட்டது. குண்டு மட்டும் வாய்வழியே, கிளார்க்கின் பொய்வாய் வழியாகவே, இறங்கிற்று.