பிளம்பர் மாதிரி கூலி போதும்! நிர்வாணாவின் ராயல்டியை வேண்டாம் என்ற ஸ்டீவ் அல்பினி... பெரிய லேபிள்கள் மீது அவருக்கு என்ன கோபம்?

நான்கு பேர் கொண்ட ஒரு ராக் குழு. பெரிய ரெக்கார்டு லேபிள் ஒன்று கூப்பிட்டு ஒப்பந்தம் போடுகிறது. அட்வான்ஸ் மட்டும் 2,50,000 டாலர். ஆல்பம் வெளியாகி 2,50,000 பிரதிகள் விற்றும் விடுகிறது. லேபிளுக்குக் கிடைத்த லாபம் 7,10,000 டாலர். குழுவில் ஒருவர் கையில் கடைசியில் மிஞ்சியது எவ்வளவு தெரியுமா? 4,031 டாலர் 25 சென்ட்.

இது ஒரு கற்பனைக் குழுவின் கணக்கு. ஆனால் இதைப் போட்டவர் அந்தத் தொழிலுக்குள்ளேயே இருந்தவர். சிகாகோவைச் சேர்ந்த கிட்டார் கலைஞரும் சவுண்ட் இன்ஜினியருமான ஸ்டீவ் அல்பினி, 1993ல் 'தி பாஃப்லர்' என்ற சிறு இதழில் இசைத்துறையின் பிரச்சனை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 30 வருஷம் தாண்டியும் சுயாதீன இசைக்கலைஞர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளும் கட்டுரை அது. அதே வருஷம், அப்போதைய உலகின் மிகப் பெரிய ராக் குழுவான நிர்வாணாவின் ஆல்பத்தையும் அவர்தான் பதிவு செய்தார் என்பதுதான் இதில் சுவாரசியம்.

யார் இந்த அல்பினி?

1962ல் கலிஃபோர்னியாவில் பிறந்தவர். மொன்டானா மாநிலத்தின் மிசூலாவில் வளர்ந்து, நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் இதழியல் படித்தவர். 80களில் 'பிக் பிளாக்' என்ற குழுவை நடத்தினார். டிரம்ஸ் வாசிக்க ஆள் கிடையாது, டிரம் மெஷின்தான். கிட்டார் சத்தம் தகரத்தை அறுப்பது மாதிரி இருக்கும். குழுவுக்குப் பெயர் கிடைத்து வந்த நேரத்தில், 1987ல், அவர்களாகவே கலைத்துவிட்டார்கள். இன்னொரு கிட்டார் கலைஞர் சான்டியாகோ டுராங்கோ சட்டம் படிக்கப் போய்விட்டார்.

அடுத்து அல்பினிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது மற்றவர்களின் ஆல்பங்களைப் பதிவு செய்யும் வேலை. பிக்ஸீஸ் குழுவின் 'சர்ஃபர் ரோசா' (1988), பி.ஜே.ஹார்வியின் 'ரிட் ஆஃப் மீ' (1993) இரண்டும் அவர் கைவண்ணம். ஆனால் 'புரொடியூசர்' என்று தன் பெயரைப் போட்டால் அவருக்குப் பிடிக்காது. பாட்டு குழுவுடையது, நான் மைக் வைத்துப் பதிவு செய்தவன், அவ்வளவுதான் என்பது அவர் கட்சி.

90களின் தொடக்கத்தில் என்ன நடந்தது?

1991 செப்டம்பரில் நிர்வாணாவின் 'நெவர்மைண்ட்' வந்தது. 1992 ஜனவரியில் அது மைக்கேல் ஜாக்சனின் 'டேஞ்சரஸ்' ஆல்பத்தை பில்போர்டு பட்டியலின் முதலிடத்திலிருந்து இறக்கியது. அவ்வளவுதான், பெரிய லேபிள்கள் செக் புத்தகத்தோடு கிளப் கிளப்பாக அலைய ஆரம்பித்தன. அடுத்த நிர்வாணா எந்த ஊரில் ஒளிந்திருக்கிறது என்று தேடல். அதுவரை வேனில் தூங்கி, 50 பேர் முன்னால் வாசித்துக்கொண்டிருந்த குழுக்களுக்கெல்லாம் திடீரென்று அழைப்பு.

தேடி வந்தவர்கள் கோட் சூட் போட்டவர்களும் இல்லை. அதே கிளப்களில் வளர்ந்த, அதே இசையைக் கேட்ட இளைஞர்களைத்தான் லேபிள்கள் வேலைக்கு எடுத்தன. 'நம்மாளு சொல்றான்' என்று குழுக்கள் நம்பிவிடும். ஆரம்பத்தில் அந்த இளைஞர் நீட்டுவது முழு ஒப்பந்தம்கூட இல்லை, சின்ன ஒப்புதல் கடிதம்தான். அதில் கையெழுத்து போட்டால், முழு ஒப்பந்தம் எவ்வளவு மோசமாக வந்தாலும் வேறு லேபிளுக்குப் போக முடியாது. அல்பினிக்கு அதிகக் கோபம் இந்த இடத்தில்தான். ஏமாற்றுகிறவருக்கே தான் ஏமாற்றுவது தெரியாது, அவரும் நல்ல எண்ணத்தோடுதான் பேசுவார், அதனால்தான் இந்த வலை இவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பது அவர் வாதம்.

சரி, பணம் எங்கே போகிறது?

ராயல்டி என்ற சொல் இளையராஜா வழக்குகள் மூலம் நமக்கெல்லாம் பழக்கமானது. அது பாட்டை உருவாக்கியவரின் உரிமை பற்றிய விவகாரம். இங்கே பேசுவது ஆல்பம் விற்பனையில் குழுவுக்கு வரவேண்டிய பங்கு. அல்பினியின் கணக்கில் முதலில் அட்வான்ஸை எடுத்துக்கொள்வோம்.

2,50,000 டாலர் என்றால் கேட்கப் பெரிசாகத்தான் இருக்கிறது. மேனேஜர் 15 சதவீதம், அதாவது 37,500 டாலர் எடுத்துக்கொள்கிறார். வக்கீல் ஃபீஸ் 10,000. ஆல்பம் பதிவு செய்ய 1,50,000. அதற்குள்ளேயே புரொடியூசரின் அட்வான்ஸ் 50,000, ஸ்டூடியோ வாடகை 52,500 எல்லாம் அடக்கம். மிச்சத்தில் வீடியோ, புது டிரம் செட், புது கிட்டார் என்று கரைந்துவிடும். ஐந்து வாரம் டூர் போனால் வரவு 50,000, செலவு 50,875. கையிலிருந்து போட்டுத்தான் டூர். அந்த வரவிலும் ஏஜென்ட்டுக்கு 7,500, மேனேஜருக்கு 7,500. டூர் நஷ்டம் என்று அவர்கள் கமிஷனை விட்டுக்கொடுக்க மாட்டார்கள், ஏனென்றால் அது வரவின் மீதான கமிஷன், லாபத்தின் மீதானது இல்லை.

பலருக்கும் புரியாத பகுதி இனிமேல்தான் வருகிறது. அட்வான்ஸ் என்பது சம்பளம் கிடையாது. ராயல்டியிலிருந்து லேபிள் பிடித்துக்கொள்ளப் போகும் கடன் மாதிரி.

ஆல்பத்தின் கடை விலை 12 டாலர். குழுவின் ராயல்டி 13 சதவீதம். ஆனால் அதை முழு விலைக்குப் போடாமல் 90 சதவீதத்துக்குத்தான் போடுகிறார்கள். ஏன் 90? உடையக்கூடிய இசைத்தட்டுகள் இருந்த காலத்தில், வழியில் நொறுங்கிப்போகும் தட்டுகளுக்காக 10 சதவீதம் கழிக்கும் வழக்கம் வந்தது. சிடி வந்த பிறகும் கழிவு மட்டும் உடையாமல் இருந்தது!

2,50,000 பிரதிகளுக்குக் கணக்கிட்டால் குழுவின் ராயல்டி 3,51,000 டாலர். அதில் அட்வான்ஸ் 2,50,000 கழியும். புரொடியூசருக்கு விற்பனையில் 3 சதவீதம் பங்கு. ஏற்கெனவே கொடுத்த 50,000 போக இன்னும் 40,000. விளம்பரச் செலவு 25,000. பழைய சின்ன லேபிளிலிருந்து குழுவை விடுவிக்கக் கொடுத்த 50,000. எல்லாம் குழு தலையில்தான். கூட்டிக் கழித்தால் மைனஸ் 14,000. அதாவது குழு இன்னும் லேபிளுக்குக் கடன்!

மேனேஜருக்கு மொத்தம் 51,000, புரொடியூசருக்கு 90,000 என்று மற்ற எல்லோரும் நன்றாகச் சம்பாதித்திருப்பார்கள். பாட்டு எழுதி, வாசித்து, வேனில் ஊர் சுற்றியவர்கள் பெட்டிக்கடை மாதிரியான ஒரு செவன் லெவன் கடையில் வேலை பார்த்திருந்தால் மூன்று மடங்கு சம்பாதித்திருக்கலாம் என்று அல்பினி முடிக்கிறார்.

அவர் மிகைப்படுத்துகிறார் என்று சொன்னவர்கள் உண்டு. ஆனால் 1995ல் டி.எல்.சி குழு திவால் மனு போட்டது. அந்த நேரத்தில் அவர்களுடைய 'கிரேஸிசெக்ஸிகூல்' ஆல்பம் லட்சக்கணக்கில் விற்றுக்கொண்டிருந்தது. 2000ல் கோர்ட்னி லவ் ஒரு மாநாட்டில் இதே பாணியில் கணக்குப் போட்டுக் காட்டினார்.

நிர்வாணாவுக்கு அனுப்பிய கடிதம்

'நெவர்மைண்ட்' ஆல்பத்தின் பளபளப்பு கர்ட் கோபெய்னுக்கே பிடிக்கவில்லை. 'சர்ஃபர் ரோசா' அவருக்கு மிகவும் பிடித்த ஆல்பங்களில் ஒன்று. அதனால் அடுத்த ஆல்பத்துக்கு அல்பினியைத் தேடிப்போனார்கள். வேலை தொடங்கும் முன் அல்பினி குழுவுக்கு ஒரு நீளமான கடிதம் அனுப்பினார். லேபிள் வாசலில் நின்று திருத்தம் சொல்லக் கூடாது, சீக்கிரம் முடிக்கவேண்டும், எனக்கு ராயல்டி வேண்டாம் என்பதுதான் சாரம். ஒரு பிளம்பர் மாதிரி, வேலைக்கு ஏற்ற கூலியைக் கொடுத்தால் போதும் என்றார்.

முப்பது லட்சம் பிரதிகள் விற்றால் தனக்கு வழக்கப்படி 4 லட்சம் டாலர் போல வரும் என்பதையும் அவரே அந்தக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். அவ்வளவு பணம் வாங்கினால் தூக்கம் வராது என்பது அவர் நிலைப்பாடு. வாங்கியது ஒரு லட்சம் டாலர், ஒரே தடவை. (கணக்குத் தெரியாமல் விட்டவர் இல்லை. உலகப் போக்கர் தொடரில் 2018லும் 2022லும் பட்டம் வென்றவர்!)

1993 பிப்ரவரியில் மின்னசோட்டாவின் பேக்கிடெர்ம் ஸ்டூடியோவில் இரண்டு வாரத்துக்குள் பதிவு முடிந்தது. லேபிளுக்குப் பிடிக்கவில்லை என்ற செய்தி பத்திரிகைகளுக்குப் போனது. 'நியூஸ்வீக்' அதைப் போட, நிர்வாணா 'பில்போர்டு' இதழில் மறுத்து விளம்பரம் கொடுத்தது. கடைசியில் இரண்டு பாடல்களை மட்டும் ஸ்காட் லிட் என்பவரிடம் கொடுத்து மறுபடி மிக்ஸிங் செய்தார்கள். செப்டம்பரில் 'இன் யூட்டெரோ' வெளியாகி நேராக முதலிடத்துக்குப் போனது. அல்பினிக்குக் கிடைத்தது என்ன? பெரிய லேபிள் வேலைகள் கொஞ்ச காலம் வராமலே போய்விட்டதாக அவரே பின்னால் சொல்லியிருக்கிறார்.

மாற்று வழி இருந்ததா?

இருந்தது. சிகாகோவில் கோரி ரஸ்க் நடத்திய 'டச் அண்ட் கோ' லேபிளில் எழுத்து ஒப்பந்தமே கிடையாது. கைகுலுக்கல்தான். செலவு போக லாபத்தில் சரிபாதி குழுவுக்கு. அல்பினி 1992ல் தொடங்கிய 'ஷெல்லாக்' குழுவின் ஆல்பங்கள் எல்லாம் இங்கேதான் வந்தன. வாஷிங்டனில் ஃபுகாஸி குழு 5 டாலர் டிக்கெட்டில் கச்சேரி நடத்திக்கொண்டிருந்தது.

இதை ஒரேயடியாகப் புனிதமாக்கவும் முடியாது. அதே 'டச் அண்ட் கோ' மீது பட்ஹோல் சர்ஃபர்ஸ் குழு வழக்குப் போட்டது. காலவரையறை இல்லாத வாய்மொழி ஒப்பந்தத்தை நினைத்தபோது முறித்துக்கொள்ளலாம் என்று 1999ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றமும் சொல்ல, பழைய ஆல்பங்கள் குழுவின் கைக்குப் போயின. நம்பிக்கையை மட்டும் வைத்துத் தொழில் செய்தால் எங்கே இடிக்கும் என்பதற்கு இது ஒரு பாடம்.

அல்பினி மீதும் கேள்விகள் உண்டு. பெரிய லேபிள்களைத் திட்டிக்கொண்டே புஷ் குழுவுக்கும், ஜிம்மி பேஜ் - ராபர்ட் பிளான்ட் ஜோடிக்கும் வேலை பார்த்தவர். நான் கூலிக்கு வேலை செய்கிறவன், வருகிறவர் யார் என்று பார்ப்பதில்லை என்ற பதிலில் நியாயம் இருக்கிறது. ஆனால் பெரிய லேபிளுக்குப் போனதற்காக சோனிக் யூத் குழுவை அவர் விமர்சித்தபோது அந்த நியாயம் கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. 80களில் அதிர்ச்சிக்காகவே அவர் எழுதியதும் பேசியதும், ஒரு குழுவுக்குப் பாலியல் வன்முறையைக் குறிக்கும் பெயர் வைத்ததும் இன்னும் மோசம். 2021ல் அவரே அவற்றுக்குப் பொறுப்பேற்றுப் பகிரங்கமாக எழுதினார்.

1997ல் சிகாகோவில் 'எலெக்ட்ரிக்கல் ஆடியோ' என்ற ஸ்டூடியோவைத் திறந்தார். பேர் தெரியாத குழுவாக இருந்தாலும் நாள் வாடகை கட்டினால் அல்பினியே உட்கார்ந்து பதிவு செய்து கொடுப்பார்.

இன்டர்நெட் வந்ததும் தீர்ந்துவிட்டதா?

தீர்ந்துவிட்டது என்றுதான் அல்பினி நினைத்தார். 2014 நவம்பரில் மெல்போர்னில் ஒரு இசை மாநாட்டில் பேசியபோது, பழைய அமைப்பு குழுவையும் ரசிகரையும் தவிர மற்ற எல்லோருக்கும் சோறு போட்டது, இப்போது இருவரும் நேரடியாகப் பேசிக்கொள்கிறார்கள் என்று உற்சாகமாகச் சொன்னார். இலவச டவுன்லோடு பற்றிக்கூட அவருக்குப் பெரிய வருத்தம் இல்லை.

பாதி சரி. இன்று படுக்கையறையில் பதிவு செய்த பாட்டை உலகம் முழுக்க வெளியிடலாம், யாரிடமும் கையெழுத்து போடவேண்டாம். ஆனால் இடைத்தரகர் ஒழியவில்லை, ஆள்தான் மாறியிருக்கிறார். 1993ல் ஆறாக இருந்த பெரிய நிறுவனங்கள் இன்று யுனிவர்சல், சோனி, வார்னர் என்று மூன்றாகச் சுருங்கிவிட்டன. ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், 12 மாதங்களில் குறைந்தது 1,000 தடவை கேட்கப்படாத பாட்டுக்குப் பணமே கிடையாது. 'டிஸ்கவரி மோட்' என்ற திட்டத்தில் ராயல்டியைக் குறைத்துக்கொள்ளச் சம்மதித்தால் அல்காரிதம் உங்கள் பாட்டை முன்னால் தள்ளும். விளம்பரச் செலவைக் குழு தலையில் கட்டிய அந்தப் பழைய 25,000 டாலர் ஞாபகம் வருகிறதா?

டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கலைஞருக்குக் கொடுத்ததால், சுயாதீனக் கலைஞர்களின் செல்லப்பிள்ளையாக இருந்தது 'பேண்ட்கேம்ப்'. அதுவும் 2022ல் எபிக் கேம்ஸ் நிறுவனத்துக்கும், 2023ல் சாங்டிராடருக்கும் கைமாறியது. கைமாறியபோது ஊழியர்களில் பாதிப் பேருக்கு வேலை போனது.

அல்பினி 2024 மே 7 அன்று, 61 வயதில், தன் ஸ்டூடியோவிலேயே மாரடைப்பால் இறந்தார். பத்து நாள் கழித்து, ஏற்கெனவே முடிவு செய்திருந்த தேதியில், 'டச் அண்ட் கோ' வழியாக ஷெல்லாக்கின் கடைசி ஆல்பம் 'டு ஆல் ட்ரெயின்ஸ்' வெளியானது.